கைராசி பதினொன்று

குழந்தைவேலுவின் ஸ்கூட்டரை அன்று காலை முந்திக்கொண்டு போனது ஒரு சைக்கிள். பின்னால் இரண்டு தண்ணீர் கேன், ஹேண்டில்பாரில் இன்னொன்று. மிதித்தவருக்கு அறுபது வயதாவது இருக்கும். முந்தும்போது திரும்பிப் பார்த்து, "வண்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. கோளாறு எங்கிட்ட," என்றான் குழந்தைவேலு.

மில் கேட்டுக்கு உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்த சுகந்திக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெப்பமானியை மட்டும் தேவையில்லாமல் இரண்டு தடவை துடைத்தாள்.

ஒண்டிப்புதூரில் மூடிக் கிடக்கும் அந்த நூற்பாலையின் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரிமோட் கார் பந்தயம். கார் ஒரு முழ நீளம்தான். நேர்ப்பாதையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். டயர் வழுக்காமலிருக்கச் சிமெண்ட் தரையில் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். மாலையில் மனிதர்கள் கிளம்பியதும் எறும்புகளின் பந்தயம் தொடங்கும். அத்தனை வேகத்தையும் தருவது உள்ளங்கை அகலப் பேட்டரி ஒன்று. அதைப் படாதபாடு படுத்தினால் உப்பும், புகையும், பிறகு ஆளுயரத்துக்கு எரியும். இந்தக் கிடங்கில் பத்து வருடமாக அப்படி ஒன்று நடக்கவில்லை. அதற்குக் காரணம் சுகந்தி.

பேட்டரி தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். இங்கே அவள் மேசையைத் தாண்டாமல் எந்தப் பேட்டரியும் டிராக்குக்குள் போக முடியாது. காலடியில் இரண்டு மணல் வாளிகள் எப்போதும் இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவள் மணலக்கா. முதலில் பக்கவாட்டில் விரலை ஓட்டி உப்பலைத் தேடுவாள். பிறகு வெள்ளைச் செருகியில் மாட்டி இரண்டு செல்லும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பாள். கடைசியாகத் தன் சோதனைப் பெட்டியில் பூட்டிப் பத்து விநாடி முழு பலத்தோடு மின்சாரத்தை இழுப்பாள். உப்புவதாக இருந்தால் என் மேசையிலேயே உப்பட்டும், மணல் பக்கத்தில் இருக்கிறது என்பது அவள் கட்சி. மற்றபடி அதிகம் பேசமாட்டாள். மணலக்காவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கார் மூன்று சுற்று வந்துவிடும் என்று மைக்கில் வர்ணனை சொல்லும் ஜாபர் சொல்வான்.

அன்று புதிதாகச் சேர வந்திருந்த பல் டாக்டர் ரெபெக்கா, ஸ்கூட்டர் கேட்டிலிருந்து மேசைக்கு வந்து சேரும் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஜாபரிடம் குனிந்து கேட்டாள். "ஏங்க, அவர் வேணும்னே இப்படி வர்றாரா?"

"இல்லீங்க டாக்டர். அண்ணனோட கைராசி பதினொண்ணு."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். உங்களுது எவ்வளவுங்க?"

"எண்பத்து நாலு. போன்ல மூலையில வர்றதைப் பார்ப்பேன். அதுக்கு மேல எனக்குப் பல்லுதான் தெரியும்."

ஜாபருக்கு விளக்கம் சொல்வதில் மைக் பிடிப்பதைவிட ஆசை அதிகம். "ஒவ்வொரு பேட்டரிக்குள்ளயும் நகத்தளவு ஒரு காப்புச் சில்லு இருக்குதுங்க. முன்னெல்லாம் சூடு ஏறுனா மின்சாரத்த நிறுத்தும், அவ்வளவுதான் அதோட வேலை. ஏழு வருசம் முன்னாடி வீட்டுக்கு வீடு பேட்டரி எரிய ஆரம்பிச்சுதுங்களா, அப்பத்தான் அதுக்கு ஞாபகசக்தியக் குடுத்தாங்க. காலியான பேட்டரியப் போட்டுப் பிழிஞ்சா எழுதி வெச்சுக்கும். சூடு ஆறாம சார்ஜ் போட்டா எழுதி வெச்சுக்கும். எழுதுனத அடுத்த பேட்டரிக்குச் சொல்லும். அது அதுக்கடுத்ததுக்குச் சொல்லும். மோசமான கைன்னு ஒரு தடவ பேர் வாங்கிட்டா, ஊர்ல எந்த பேட்டரியும் அந்தக் கைக்கு மனசு வந்து குடுக்காது."

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு."

"நல்ல ஏற்பாடுதானுங்க. தீ நின்னு போச்சு. ஆனா பாருங்க, இப்பல்லாம் வாடகைக்கு வீடு கேட்டா கைராசி கேக்கறாங்க. பொண்ணு பாக்கப் போனா ஜாதகத்துக்கு முன்னாடி அதைத்தான் கேக்கறாங்க. குரூப் போட்டோ எடுக்கக்கூட வேலண்ணன் கையில எவனும் போனத் தரமாட்டேங்கறான்."

"அது ஒருவிதத்துல நல்லதுதான் ஜாபரு," என்றபடி ஹெல்மெட்டைக் கழற்றினான் குழந்தைவேலு. "எல்லாப் போட்டோவுலயும் நான் இருக்கறனல்லோ."

முப்பத்தெட்டு வயது, வட்ட முகம், யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் பதினொன்றுக்கு வேன் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த ஒரே காரணத்துக்காக வட்டாரத்து அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அவன் வேனில் சேர்க்க வரிசையில் நின்றார்கள்.

சுகந்தியின் மேசையில் அவன் மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்தான். மூன்றிலும் நீல டேப். அவள் விரலை ஓட்டினாள். செங்கல் மாதிரி சமமாக இருந்தன. வெள்ளைச் செருகி, இரண்டு செல்லும் ஒரே அளவு. பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டியில் பூட்டிப் பத்து விநாடி இழுத்தாள். பெட்டி உறுமி அடங்கியது. மூன்றும் தேறின.

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒரு கடுதாசி வந்திருக்குதுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த மாசத்துல இருந்து புதுச் சட்டமாமா. கைராசி பத்துக்குக் கீழ போச்சுன்னா வேன், ஆட்டோன்னு ஆள் ஏத்தற வண்டி எதுவும் அந்தக் கைக்குக் கிளம்பாதாமா. முப்பது இல்லீங்க, மூணுகூட ஓடாது. சொந்த ஸ்கூட்டர் மட்டும் ஊர்ந்துக்கிட்டுப் போகுமாமா."

சுகந்தி மூன்று பேட்டரிகளையும் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அப்படின்னா இன்னிக்கு யாருக்கும் சீர் கொடுக்காத."

"கொடுக்கலீங்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். ஆனா இத யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பசங்க வருத்தப்படுவாங்க."

சீர் என்பது அந்தக் கிடங்கின் வழக்கம். தகுதிச் சுற்றில் தோற்றவர் தன்னிடம் மிச்சமிருக்கும் நல்ல பேட்டரியை இறுதிப் போட்டிக்குப் போகிறவருக்குக் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்தால் செல்லாது. தட்டில் வைத்து, துண்டு போர்த்தி, தாய்மாமன் சீர் கொண்டுவருவது போல நடந்து வர வேண்டும். இரண்டு பக்கமும் நின்று விசில் அடிப்பார்கள். யார் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. பந்தயத்தைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஏழு வருடமாக எந்தத் தகுதிச் சுற்றிலும் தேறாத குழந்தைவேலுதான் கிளப்பின் நிரந்தரத் தாய்மாமன். அவன் கொடுத்த பேட்டரியை யார் பிழிந்தாலும் குறைவது அவன் எண்தான்.

அன்றும் அவன் தேறவில்லை. வேன் பிள்ளைகள் பூவும் யானையும் வரைந்து கொடுத்த அவன் மஞ்சள் கார், மற்றவர்கள் இருபது சுற்று முடிப்பதற்குள் ஒன்பதை முடித்தது.

"வழி விடுங்க, வழி விடுங்க!" மைக்கில் ஜாபர் முழங்கினான். "மஞ்சள் கார்ல சாமி ஊர்வலம் வந்துட்டு இருக்குது! பக்தர்கள் முந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!"

"தேங்காய் உடைக்க மறந்துட்டீங்க ஜாபரு!" என்று கார் ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து கத்தினான் குழந்தைவேலு. கிடங்கே சிரித்தது.

பிற்பகலில் இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் ஹர்ஷவர்தனும் ஒருவன். மூன்று வருடமாகச் சாம்பியன். ஏதோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை, அடுத்த மாதம் கல்யாணம், கைராசி தொண்ணூற்றெட்டு. சாமர்த்தியக்காரன், கெட்டவன் இல்லை. அவன் கொண்டுவந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்று அரையிறுதியில் ஓடிய சூடு ஆறாமல் ஐம்பது டிகிரியில் கிடந்தது. மற்றதைச் சுகந்தி பெட்டியில் பூட்டி இழுத்ததும் ஏழாவது விநாடியில் அதன் வயிறு லேசாக எழும்பியது. அவள் அதைக் கழற்றி மணல் வாளிக்குள் புதைத்தாள்.

"அக்கா! போன தீபாவளிக்கு வாங்குனதுக்கா அது!"

"எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசத்துல செத்துருமா? வேலண்ணன் பேட்டரி ஏழு வருசமா ஓடுது!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. முகத்தில் தெரிந்தது. கிடங்கின் மறுகோடியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த குழந்தைவேலுவுக்கும் அது தெரிந்துவிட்டது. சுகந்தி அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஹர்ஷா கேட்கவும் இல்லை. ரிமோட்டைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூட ஆரம்பித்தான்.

ஜிப் பாதி மூடுவதற்குள் குழந்தைவேலு எழுந்து டீக்கடைக்காரரின் எவர்சில்வர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"தாய்மாமன் புறப்பட்டாரு!" ஜாபரின் குரல் கூரையில் மோதியது. விசில் பறந்தது. தோளில் துண்டு, தட்டில் நீல டேப் பேட்டரி, பக்கத்தில் யாரோ வைத்த ஒரு வாழைப்பழம். ரெபெக்கா நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினாள்.

மேசையைக் கடக்கும்போது சுகந்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "சத்தியம் பண்ணின."

"பண்ணுனனுங்க."

"எட்டு நிமிஷ ஓட்டம். கடைசி ரெண்டு நிமிஷம் காலி பேட்டரியப் பிழிவான். ஒன்பதுக்கு வந்துரும்."

"தெரியுதுங்க்கா. ஆனா ஒருத்தன் பைனல்ல நிக்கறப்ப, கையில வெச்சுக்கிட்டு எப்படிங்க இல்லைங்கறது?" சிரித்தான். எப்போதும் போல இல்லை. "வேன் நாளைக்குத்தானுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஹர்ஷா பேட்டரியை மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கார் அம்பு போலப் போனது. காலையில் மஞ்சள் காரில் ஊர்வலம் போன அதே பேட்டரி.

ரெபெக்கா நாற்காலியிலிருந்து இறங்கிச் சுகந்தியிடம் வந்தாள். "மேடம், ஒரு சந்தேகம். அதே பேட்டரி அவருக்கு மெதுவாக் குடுத்துச்சு, இவருக்கு முழுசாக் குடுக்குது. அப்போ யார் கையில இருக்கோம்னு அதுக்குத் தெரியுது, இல்லையா?"

"தெரியும். கார்ல சுற்று எண்ணற சில்லு இருக்கு. அதுல ஓட்டறவர் பெயர் இருக்கும். அதைப் படிச்சுக்கும்."

"அப்படின்னா கஷ்டப்படுத்தினது யாருன்னும் தெரியணுமே? அப்புறம் ஏன் இவர் ஓட்டறதுக்கு அவர் எண் குறையுது?"

மணலக்காவிடம் பதில் வர மூன்று சுற்று ஆகும் என்று ஜாபர் சொன்னது உண்மைதான். அங்கே ஹர்ஷா இன்னும் மூன்று சுற்று வந்தான். அவள் கண் டிராக்கில் இல்லை. குழந்தைவேலுவின் பையில் மிச்சமிருந்த இரண்டு நீல டேப் பேட்டரிகளை எடுத்துவரச் சொல்லி, ஒன்றைப் பெட்டியில் பூட்டினாள். இழுப்பதற்காக இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் திறக்காத பக்கத்தைத் திறந்தாள். அந்தச் சில்லு எழுதி வைத்த நாட்குறிப்பு.

இறுதிப் போட்டிக்குக் கொடி விழுந்தது.

திரையில் ஞாயிறு ஞாயிறாக வரிகள் ஓடின. பேட்டரி பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றில் உடைமையாளர்: குழந்தைவேலு. எல்லா வரியிலும் குழந்தைவேலு. இன்னொன்றில் கை: எண் ஏழு. எண் ஏழு. எண் பத்தொன்பது. எண் ஏழு. ஏழு என்பது ஹர்ஷாவின் கார். பேட்டரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் குழந்தைவேலு அதை ஆற வைத்ததும், மூன்றே முக்கால் வோல்ட்டுக்குக் கொண்டுவந்து ஓய்வில் வைத்ததும், சனிக்கிழமை மிக மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதும்கூட எழுதியிருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த வரிகளை யாரும் எண்ணவில்லை. எண்ணுவது உடைமையாளர் பெயருக்கு எதிரே உள்ள காயங்களை மட்டும்.

ஏன் என்பது அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் முன்பு, இந்தக் கிடங்கின் பேட்டரிக் கணக்கை ஊருக்கு அனுப்பும் பெட்டியாக இதைப் பதிவு செய்தபோது படிவத்தில் ஒரு கேள்வி வந்தது. பழி யாரைச் சேரும்? உடைமையாளரையா, ஓட்டியவரையா? பொருள் யாருடையதோ பொறுப்பு அவருடையது என்று நினைத்து முதல் கட்டத்தைத் தொட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது கேள்விகள் பாக்கி இருந்தன. எல்லாக் கிடங்கிலும் அது சரியான பதிலாகக்கூட இருக்கலாம். தாய்மாமன் சீர் இருக்கிற கிடங்கில் இல்லை.

இப்போதும் மாற்றலாம். பெட்டி இரண்டு வழி காட்டியது: இன்று முதல் மட்டும், அல்லது தொடக்கத்திலிருந்து. இன்று முதல் என்றால் குழந்தைவேலுவின் பழைய காயங்கள் அவனிடமே இருக்கும், வேன் கிளம்பாது. தொடக்கத்திலிருந்து என்றால் ஏழு வருடமும் திருப்பி எண்ணப்படும். ஆறு மணிக்குப் பெட்டியை மூடும்போது பதிவு ஊருக்குப் போகும். விடியும்போது புது எண்கள் வரும்.

விரலைத் திரைக்குக் கொண்டுபோனவள் நின்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் விழுந்த பெரிய காயத்துக்கு முன்னால், காலை பத்து மணி வாக்கில் ஒரு சிறிய காயம் இருந்தது. பத்து விநாடி நீளம். சூடேறாத பேட்டரியிலிருந்து முழு பலத்தையும் ஒரேயடியாக இழுத்த காயம். கை: எண் ஒன்று.

யார் அந்த ஒன்று என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சோதனைப் பெட்டிக்கு எண் வாங்கும்போது முதல் எண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அவள். மேசையின் முன்னால் ஜாபர் எழுதி ஒட்டிய அட்டை இன்னும் இருந்தது: மணலக்கா, கைராசி 99. காயம் சிறியதுதான். ஆனால் முப்பது பேர், ஆளுக்கு மூன்று பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவையாவது, ஏழு வருடத்து ஞாயிறுகள். அத்தனையும் இத்தனை நாளும் முப்பது பேர் தலையில் பிரிந்து விழுந்திருக்கின்றன. இனிமேல் ஒரே கையில் வந்து சேரும்.

அந்தக் காயங்களால்தான் தீ வரவில்லை. அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே உண்மையாக இருந்தது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. மைக்கில் ஜாபர் கடைசி நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தான். கார்களின் கீச்சொலி, கைதட்டல், யாரோ விழுந்த சத்தம், சிரிப்பு.

ஹர்ஷாதான் ஜெயித்தான். கோப்பையைத் தூக்குவதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தட்டில் வைத்து, துண்டு போர்த்தி, குழந்தைவேலுவிடம் திருப்பிக் கொடுத்தான். அதுவும் வழக்கம்தான். குழந்தைவேலு அதைச் சுகந்தியின் மேசையில் வைத்தான். அறுபத்தோரு டிகிரி. பெட்டித் திரையில் அவன் பெயருக்கு எதிரே ஒரு எண் எழுந்தது.

"ஒன்பது," என்று வாய்விட்டுப் படித்தாள் ரெபெக்கா.

"பரவாயில்லீங்க. எட்டாங் கிளாஸ் கணக்குப் பரீட்சையிலயும் இதேதான் வாங்குனேன்." குழந்தைவேலு சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், சுகந்தியைத் தவிர.

அவள் எழுந்து நின்றாள். மணலக்கா எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. அதனால் கிடங்கு அடங்கியது. பேச்சுப் பழக்கம் இல்லாதவள் என்பதால் சுருக்கமாகவே சொன்னாள். சட்டத்தைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், தான் தொட்ட தப்பான கட்டத்தைச் சொன்னாள். "மாத்தினா நாளைக்குக் காலையில எல்லாருக்கும் எண் மாறும். இத்தனை நாள் வேலு வாங்கினது, அவங்கவங்க கைக்குப் போகும். உங்களக் கேக்காம மாத்த முடியாது."

ஹர்ஷாவின் முகம் வெளுத்திருந்தது. "ஏண்ணா, வேன் விசயத்த எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்கமாட்ட."

"அதுக்குத்தான சொல்லணும்!" தலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எனக்கு எவ்வளவுக்கு வரும்?"

"எவ்வளவு பிழிஞ்சியோ, அவ்வளவுக்கு."

"அடுத்த மாசம் கல்யாணம்க்கா. மாமனாரு தொண்ணூத்தெட்டப் பாத்துத்தான் சரின்னாரு."

"அதானுங்க்கா," என்று குழந்தைவேலு அவசரமாகக் குறுக்கிட்டான். "ஒரு மாசம் பொறுத்துக்கலாமுங்க. பையன் கல்யாணம் முடியட்டும். நான் அதுவரைக்கும் எங்கியாச்சும்..."

"அண்ணா, நீங்க சும்மா இருங்க!" ஹர்ஷா கத்தியேவிட்டான். "ஏழு வருசமா சீர் குடுத்தது போதும்." பிறகு சுகந்தியிடம் திரும்பினான். "மாத்துங்க்கா. கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில போய்க்கறேன்."

"மாட்டு வண்டிக்குக் கைராசி வேண்டாம்!" என்று மைக்கில் அறிவித்தான் ஜாபர். அவனும் ஒரு தடவை யாரிடமோ மஞ்சள் டேப் பேட்டரியைச் சீர் வாங்கிப் பிழிந்திருந்தான், அதையும் அறிவித்தான். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். முப்பது கைகள்.

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுகந்தி தொடக்கத்திலிருந்து என்பதைத் தொட்டாள். எண் ஒன்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பெட்டியை மூடி, மணல் வாளிகளை ஓரமாக நகர்த்தி, போகும்போது மேசையின் முன்னாலிருந்த அட்டையைக் கிழிக்காமல் உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தரையில் எறும்புகள் வர ஆரம்பித்திருந்தன.

மறுநாள் காலை காய்கறி வாங்கக் கிளம்பியவளின் ஸ்கூட்டர் வாசலைத் தாண்டவே யோசித்தது. போனின் மூலையில் பார்த்தாள். நான்கு.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தெருமுனை வருவதற்குள் நாயோடு நடைப்பயிற்சி போகும் ஒரு பெண்மணி முந்தினாள். பிறகு நாய் ஏதோ மறந்துவிட்டது போலத் திரும்பி வந்து, அவளை மோந்து பார்த்து, மறுபடியும் முந்தியது. திருச்சி சாலையில் ஏறியதும் பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. வெயில் இதமாக இருந்தது. இந்தச் சாலையோரத்தில் ஒரு கொன்றை மரம் இருப்பதை இத்தனை வருடத்தில் அன்றுதான் அவள் பார்த்தாள்.

திடீரென்று ஹாரன்கள் நின்றன. பக்கத்தில் ஒரு மஞ்சள் வேன் வந்து, அவள் வேகத்துக்கே இறங்கி, வெளிப்பக்கமாக அணைத்துக்கொண்டு உருண்டது. மற்ற வண்டிகள் வேனைச் சுற்றிப் போயின.

ஓட்டுநர் ஜன்னலில் குழந்தைவேலு. "அக்கா! தொண்ணூத்தி மூணுங்க! சாவியத் திருப்புனதும் வேன் குதிச்சுருச்சு!"

"அப்படியா," என்றாள் சுகந்தி.

அவன் அவளுடைய ஸ்கூட்டரைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். மறுபடியும் ஸ்கூட்டரைப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக இறங்கியது. "அக்கா... அந்தப் பத்து விநாடிங்களா?"

கொன்றை மரம் பின்னால் போயிற்று. அடுத்து ஒரு பஸ் நிறுத்தம், ஒரு பழக்கடை. வேன் பக்கத்திலேயே வந்தது.

"நேத்தே தெரியுமுங்களா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு, வேலு."

பின் ஜன்னல்களில் பதினாறு தலைகள் முளைத்தன. "வேலு மாமா, வேகமாப் போங்க மாமா! தொண்ணூத்தி மூணு மாமா! பறக்கலாம் மாமா!"

"பெல் அடிக்க இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்குது. வாயை மூடிட்டு வேடிக்கை பாருங்க."

"எதை மாமா வேடிக்கை பாக்கறது? எல்லாரும் நம்மள முந்திட்டுப் போறாங்க!"

"அதைத்தான்."

ஒரு சிறுமி ஜன்னலில் முகத்தை வைத்துச் சுகந்தியைக் கூர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க கைராசி எவ்வளவு?"

"நாலு."

பதினாறு தலைகளில் பாதி பயந்து உள்ளே போயின. பிறகு அந்தச் சிறுமி யோசித்து, பெரிய மனதோடு, தன் கையிலிருந்த சின்ன விளையாட்டு டார்ச்சை ஜன்னல் வழியாக நீட்டினாள். "பரவால்ல ஆன்ட்டி. இதை வெச்சுக்குங்க. என்னுது எழுபது. நாளைக்குத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

குழந்தைவேலு ஸ்டியரிங்கில் தாளம் தட்டியபடி வாயாலேயே விசில் அடித்தான், சீர் தட்டுக்கு அடிக்கிற அதே விசில். சுகந்தி ஒரு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.